முப்பத்திநாலு

துறைமுகத்தில் வேலை செய்யும் மச்சான்
பழைய கடல் வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு வருவார்.
தடித்த தாள். லேசில் கிழியாது. காசும் இல்லை.
அதன் முதுகில்தான் நான் பாவாடை அளவு வெட்டுவது.

உப்புவெளி ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் பெண்களுக்கு
நீலப் பாவாடை.
ஸ்மோல், மீடியம், லார்ஜ்,
மூண்டு போதும் என்றார் மனேஜர்.
நான் பதினொரு பேரையும் அளந்தேன்.
அவருடைய மூன்றுக்குள் அடங்கியவர்கள்
இரண்டு பேர்.

இருபத்தெட்டில் தொடங்கினேன்.
நாலில் ஒரு பங்குதான் தாளில் கிடக்கும்,
ஆகவே இடுப்பு இரண்டு அங்குலம் கூடினால்
ஓரத்தை அரை அங்குலம் தள்ளு,
டார்ட்டை அதில் பாதி நகர்த்து,
சீட்டில் வளைகோலைத் திருப்பி வை.
நீளத்தைத் தொடாதே.
இடுப்பு பெருத்தவள் நெட்டையாகவும் இருப்பாள் என்று
எந்தக் கடைக்காரன் கண்டுபிடித்தானோ,
கட்டிலுக்கடியில் குனிகிற பரீனாவின் கரண்டைக்காலில்
அவன் லார்ஜ் தடக்குகிறது.

வெட்டிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால்
விளிம்புக்கு வெளியே விளிம்பு.
புரட்டினால்
துறைமுகத்தின் ஆழக்கோடுகளும் அப்படித்தான் போகின்றன.
பிலோமினாவின் சீட் சோபர் தீவைத் தாண்டிவிட்டது.
சொன்னேன்.
"கப்பல் திரும்ப இடமிருக்கட்டுமே" என்றாள்.

தவமலர் வேலைக்குப் புதிது.
நாடா சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்தாள்.
விடு பிள்ளை, என்றேன்.
கொஞ்சம் பொறுத்து விட்டாள்.
முப்பத்திநாலு.

மத்தியானம் சோற்றுக்கு எழும்பின நேரம்
மான் வந்திருக்கிறது.
இந்த ஊர் மான்கள்
பஸ் நிலையத்தில் படுக்கும், வாழைப்பழத் தோல் தின்னும்,
பேப்பரும் தின்னும்.
மேசை ஓரத்தில் கிடந்தது முப்பத்திநாலு.
மிஞ்சியது டார்ட்டின் ஒரு நுனியும்
கொஞ்சம் எச்சிலும்.

முப்பத்தாறை விரித்தேன். அதன்மேல்
முப்பத்திரண்டு.
இரண்டுக்கும் நடுவே புள்ளி வைத்தேன்,
இடுப்பில், டார்ட் முனையில், சீட்டில், கீழே ஓரத்தில்.
புள்ளிகளைத் தொடுத்ததும்
தின்னப்பட்டவள் திரும்பி வந்தாள்.
பக்கத் தையலுக்குள் அரை அங்குலம் கூட விட்டேன்.
கணக்கில் அது இல்லை,
மனேஜருக்கும் தெரியாது.
அவள் விட்ட மூச்சு எங்கேயாவது இருக்கவேண்டும்.

கத்தரிக்கோலை எடுக்கும்போது பார்த்தேன்,
மான் போகவில்லை.
மதிலோரம் நின்று
அசைபோட்டுக்கொண்டிருந்தது
பதினேழு பாகம் தண்ணீரை.