மூன்றாவது வரைபடம்

முதலாமவர் கண்ணாடி முகப்பு காட்டினார்.
துபாயில் நாலு பல் கிளினிக் கட்டியவராம்.
கண்ணாடியில் தன்னையே பார்த்துக்
குரைத்துக் களைக்கும் என் நோயாளிகள், என்றேன்.
சிரித்தார். விலையைக் குறைத்தார்.

அடுத்தவர் ஒட்டகத்துக்கும் பூனைக்கும்
ஒரே கதவு போட்டிருந்தார்.

லுப்னா வந்த அன்று அல் ஐனில் நாற்பத்தேழு டிகிரி.
கறுப்பு அபாயாவில் பூனை முடி.
மடிக்கணினியைத் திறக்கவேயில்லை.
தரையில் உள்ளங்கை வைத்துப் பார்த்தார்,
வடிகால் எங்கே என்றார்,
பிறகு,
"வெறும் கழுத்துப்பட்டையோடு திரும்புகிறவர்கள்
எந்த வழியாகப் போவார்கள்?"

பதினோரு வருஷமாக
ரிசப்ஷன் வழியாகத்தான் அனுப்பியிருக்கிறேன்,
தடுப்பூசிக்கு வந்த குட்டிகளின் நடுவே.

கட்டணம் கூடுதல்தான்.
பின்பக்கம், வேம்பின் நிழலில்
சின்னதாக ஒரு கதவு வரைந்திருக்கிறார்.
பக்கத்தில் ஒரே ஒரு கார் நிற்க இடம்,
வண்டியை உடனே எடுக்க
முடியாதவர்களுக்கு.