குறுக்குக் குரல்

சனிக்கிழமை மதியங்களில்
நரின் நகரப் பள்ளியின் வேதியியல் அறை எங்களுக்கு.
வாடகை இல்லை. கணப்பும் இல்லை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
தனிமங்களின் அட்டவணைக்கு அடியில்
கோட்டைக் கழற்றாமல் ஐந்து பேர்.

முதல் மணி நேரம் நகராட்சியின் வரவுசெலவு.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
வரி தப்பாமலிருக்க
அடிக்கோலை வைத்து வைத்து இறங்குகிறாள் சாய்கல்.
எழுபதாம் பக்கத்தில் கோல் நின்றது:
இதர செலவுகள்.
ஆற்றுப் பாலத்தின் பராமரிப்பைவிடக் கொழுத்த வரி.
"யார் இந்த இதரர்?
இவருக்கு எத்தனை பிள்ளைகள்?" என்றாள் உல்ஜான்.
சிரித்ததில் கொஞ்சம் சூடானது அறை.

இரண்டாம் மணி நேரம் பேச்சு.
ஆளுக்கு மூன்று நிமிடம், ஆய்வக மணற்குடுவைக் கணக்கில்.
கூட்டத்தில் எவராவது குறுக்கே கத்துவார்கள்,
பழக வேண்டும் என்று சீட்டுக் குலுக்கினோம்.
கத்தும் வேலை எனக்கு விழுந்தது.

பெகிமாய் எழுந்தாள்.
அக்கரைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து
பதினொரு விளக்குக் கம்பங்கள், எரிவது இரண்டு,
மாலை வகுப்பு முடிந்து வரும் பெண்கள்
கைபேசி வெளிச்சத்தில்...

"சத்தமாப் பேசு!" என்றேன். சிரித்தார்கள்.
"யார் வீட்டுப் பெண் நீ?" அதற்கும் சிரித்தார்கள்.
"உங்கள் வீட்டில் இன்றைக்கு ரொட்டி சுட்டது யார்?"
நுர்ஸதா மட்டும் சிரித்தாள்.
பிறகு
என் தொண்டையில் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தார்.
நான் தேடவே இல்லை, வாக்கியங்கள் வரிசையில் நின்றன.
எங்கே நிறுத்த வேண்டும்,
எங்கே இருமினால் அறை அடங்கும்,
எல்லாம் தெரிந்திருந்தது எனக்கு.
"கல்யாணமாகாதவளுக்குத்
தெருவிளக்கு எதற்கம்மா?
இருட்டிய பிறகு எங்கே போக?"

மணல் விழுகிற சத்தம் கேட்டது.
பெகிமாயின் கையில் தாள் ஆடியது, குளிராகவும் இருக்கலாம்.
எங்கே கற்றாய் இதை என்று
ஒருத்தியும் கேட்கவில்லை.

அவள் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.
"ஐயா, கேள்விக்கு நன்றி.
ஒன்பது கம்பங்கள். ஒன்றுக்கு நாற்பதாயிரம் சொம்.
மொத்தம் மூன்று லட்சத்து அறுபதாயிரம்.
பக்கம் எழுபது, இதர செலவுகளில் இருக்கிறது பணம்.
நான் எங்கே போகிறேன் என்பது
எந்தப் பக்கத்திலும் இல்லை.
இப்போது உட்காருங்கள், ஐயா."

உட்கார்ந்தேன்.
தொண்டையில் இருந்தவர்
சற்றுத் தாமதமாக உட்கார்ந்தார்.

திரும்பும்போது பாலத்தில் காற்று.
கரையோரம் உறைந்து நடுவில் மட்டும் ஓடும் ஆறு.
கம்பங்களை எண்ணிக்கொண்டு நடந்தோம்.
ஒன்றன் அடியில் நாய் படுத்திருந்தது,
அதையும் சேர்த்து எண்ணிவிட்டாள் உல்ஜான்.
அடுத்த சனி பேச்சு என்னுடையது.
கத்துவது நுர்ஸதா.
"எனக்குச் சத்தம் வராது,
அண்ணன் நன்றாகக் கத்துவான்,
கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன்" என்றாள்,
ஏதோ சமையல் குறிப்பு போல.

இரவு மேசையில் அப்பா கேட்டார்,
பள்ளியில் என்ன செய்கிறீர்கள், விடுமுறை நாளில்?
பேசுகிறோம் என்றேன்.
ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்கு நீட்டினார்,
எப்போதும் அப்படித்தான், பெரிய பாதி எனக்கு.
பிறகு இருமினார்.

அந்த இருமலுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே
இவ்வளவு இடம் இருக்குமென்று
நான் நினைத்ததில்லை.
ரொட்டி சூடாக இருந்தது.
கையில் வைத்துக்கொண்டே
எண்ணத் தொடங்கினேன்.