பதினோரு காம்பரா

கோத்தகிரியிலிருந்து மதினி கொடுத்தனுப்பியது
ஹோர்லிக்ஸ் போத்தலில் கால்வாசி கசகசா.
ராகலை நானா கடையில் இதே பெயரைச் சொன்னால்
பலூடாவுக்குப் போடுகிற கறுப்பு விதையைத்தான் நிறுப்பார்.
இது வேறு. சாம்பல் படிந்த வெள்ளை.
குருமாவுக்கு அள்ளியபோது
நகத்தில் ஒட்டியதை
லீக்ஸ் பாத்தி ஓரத்தில் உதறினேன்.
விதைத்தேன் என்று சொல்லமாட்டேன்.

தைப் பனியிலும் கருகாமல் ஐந்து நின்றன.
கோவாவுக்குத் தங்கச்சி போல இலை,
நீலம் கலந்த பச்சை.
கோவா என்று நம்பித்தான்
அவர் எருவும் வைத்தார்.
பங்குனியில் மொட்டு,
அரைப்பேர் விழுந்தவளைப் போல
கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.
ஒரு காலை நிமிர்ந்து,
கசக்கிய தாளைப் பிரித்தாற்போல் விரிந்தது.
நான் கொழுந்து நிறுத்துவிட்டு வருவதற்குள்
காற்று இதழைக் கொண்டுபோயிருந்தது.

அப்புறம் காய். தலையில் கிரீடம்.
ஆட்டினால் உள்ளே கிலுகிலு.
மூன்றாம் நம்பர் தங்கேஸ்வரி எட்டிப் பார்த்து
"அக்கா, இது கேஸ் வருகிற செடி" என்றாள்.
அவள் தம்பி கொழும்பில் செக்யூரிட்டி,
அதனால் அவளுக்குச் சட்டம் தெரியும்.
அன்றிரவு அவருக்குத் தூக்கமில்லை.
எட்டடிப் பாத்தி,
அதுவும் தோட்டத்துக் காணி.
டோர்ச் அடித்து நாலைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார்.
பாதிப் பச்சை. எரியாமல் புகைந்தது.

ஐந்தாவதன் காய் என் படங்குக்குள் இருந்தது.

மறுநாள் கவ்வாத்துக் கத்தியால் குறுக்கே வெட்டினேன்.
உள்ளே ஒரு லயம்,
வட்டமாய்ச் சுருட்டி வைத்த லயம்.
எண்ணினேன். பதினோரு காம்பரா.
எங்களதில் பத்து.
ஒரு சுவரும் நடுவைத் தொடவில்லை,
எங்கள் சுவர் கூரையைத் தொடாததுபோல.
ஆறாம் நம்பரில் இருமினால்
ஒன்றாம் நம்பரில் கொத்தமல்லி கொதிக்குமே,
அந்த மாதிரி வீடு.
ஆனால் இங்கே
ஒவ்வொரு காம்பராவுக்கும் கூரைக்கடியில்
ஒரு சன்னல் வைத்திருக்கிறது.
யாரிடம் மனுக் கொடுத்து வாங்கியதோ.

ஒரு கரண்டிகூடத் தேறவில்லை.
ஞாயிற்றுக்கிழமை தேங்காயோடு அரைத்துவிட்டேன்.
"உப்பு கொஞ்சம் கூட" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

வெட்டும்போது எவ்வளவு சிந்தியதென்று
நான் பார்க்கவில்லை.
வைகாசி மழை இன்றைக்குத்தான் பிடித்திருக்கிறது.
வாசல் கான் நிறையத் தண்ணீர்
கீழ் லயத்துப் பக்கம் போகிறது.