அரைப்பேர்

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டாக்டர்
துண்டு மேல் கோடு கிழித்துக் காட்டினார்:
இது எலும்பு,
இது அதைப் போர்த்திய சவ்வு.
வீங்கியிருப்பது சவ்வுதானாம்.
மூன்று வாரம் ஏற்ற இறக்கம் ஆகாதாம்.

ஏழாம் நம்பர் மலையில்
சமதரை எந்தப் பக்கம் என்று
சிங்களத்தில் கேட்க எனக்கு வரவில்லை.

மறுநாள் முன்னங்காலில்
உரச்சாக்கைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு ஏறினேன்.
மட்டக்கம்பு போல நேராக
முழங்காலிலிருந்து கரண்டை வரை
ஒரே எரிச்சல்.
தராசடியில் கணக்கப்பிள்ளை
தலை நிமிராமல் எழுதினார்:
செவனம்மா, ஒன்பது கிலோ, அரைப்பேர்.

ராவு அவர் கேட்டார்,
"எலும்பு ஒடஞ்சிருச்சா?"
"அது நல்லாத்தான் இருக்காம்.
போத்தியிருக்கிறதுக்குத்தான் நோவு."

விளங்கியதோ என்னவோ,
தன் பங்குக் கம்பளியையும்
என் காலில் இழுத்துவிட்டார்.
பட்டதும்
லயமே எழும்பக் கத்தினேன்.