துண்டறிக்கை, மூன்றாம் திருத்தம்

ஒரே பக்கம். அதுவும் பாதித் தாள்.
மராத்தியில் இருந்தது, இந்தியில் இருந்தது.
தமிழுக்கு என்னிடம் கொடுத்தார்கள்,
தாராவியில் பிறந்தவள்தானே,
ஒரு ராத்திரி போதுமே என்று.

முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன்.

எங்கள் சந்தில் அதற்குச் சொல் இல்லை.
‘தேதி தள்ளிப்போச்சு’ இருக்கிறது.
‘சுத்தம் பண்ணிட்டு வந்தேன்’ இருக்கிறது,
ஏதோ அதுவரை அழுக்காய்க் கிடந்தது போல.
‘வயித்துவலி’ இருக்கிறது, அதற்குள்
எதையும் அடைத்துவிடலாம்.
கண்ணைத் தாழ்த்துவதும் ஒரு சொல்தான்.
தொண்ணூறடி ரோட்டு மெடிக்கல்காரருக்கு அது புரியும்,
செய்தித்தாளில் சுற்றித் தருவார்,
விலையை மட்டும் வாயால் சொல்வார்.
எப்படி, எவ்வளவு, பிறகு என்ன?
சுற்றிய தாளில் கிரிக்கெட் ஸ்கோர்தான் இருந்தது.

இந்தச் சந்துக்குத் தெரியாதது எது?
யார் வீட்டு கேஸ் தீர்ந்தது,
யார் தவணை கட்டாமல் பைக் போனது,
எந்தக் குழம்பில் புளி தூக்கல்.
இருமினால் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து
‘தண்ணி குடி’ என்பார்கள்.
ஆனால் போன ஆவணியில் ஒரு பகல்
செல்வக்கனி அக்கா
பொதுக் கழிப்பறை வரிசையில் ஐந்து முறை நின்றதை
யாரும் பார்க்கவில்லை.

அதாவது, பார்த்தார்கள்.
ஐந்தாம் முறை
வாசலில் காசு வாங்குபவர் வாங்கவில்லை.

மறுநாள் விடியுமுன் மூன்று மணிக்கு
அவள் எழுநூறு இட்லி அவித்தாள்,
ஆவிக்குள் நின்றபடி,
இடையிடையே துணி மாற்றிக்கொண்டு.
அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று,
அது தூக்கத்திலும் தெரியும் அவளுக்கு.
இந்த ரத்தம் அளவா, அதிகமா,
சொல்ல யாருமில்லை.

நான் எழுதியதை அவளிடம்தான் முதலில் காட்டினேன்.
‘சுயமேலாண்மைக் கருக்கலைப்பு குறித்த
பொதுமக்கள் விழிப்புணர்வு.’
எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.
‘ஏளா, யாரு இவ, கலெக்டர் பொண்டாட்டியா?’

இரண்டாவதையும் அடித்தாள்.
பேனாவைப் பிடுங்கியிருப்பாள், மாவுக் கை.
அவள் சொன்னாள், நான் எழுதினேன்.

‘எத்தன வாரத்துக்குள்ள, எந்த ஆஸ்பத்திரி,
எந்த வாசல், எந்தக் கிழமைன்னு போடு.
மணிக்கு ரெண்டு பேடு முழுசா நனைஞ்சு
ரெண்டு மணி நேரம் அப்படியே போனா
சயானுக்கு ஓடணும்னு எழுது.
காய்ச்சல் ஒரு நாளைக்கு மேல நின்னாலும் ஓடணும்.
வெக்கம் கெடக்கட்டும், அது நடந்தே வரும்.
பதினெட்டு தாண்டினவளுக்கு அவ கையெழுத்தே போதும்,
புருசன் கையெழுத்து வேண்டாம்,
அத மட்டும் பெரிய எழுத்துல போடு.’

கொஞ்சம் நிறுத்தி,
கரண்டியைக் கழுவப் போனவள் முதுகு காட்டியபடி:
‘அது தெரியாமத்தான் மூணு வாரம்
அவன் சூரத்துலேருந்து வரட்டும்னு இருந்தேன்.’

பிறகு தலைப்புக்கு வந்தாள்.
‘கலைச்சேன்னே எழுது.
களவாண்டேன்னு படிக்கிற மாதிரி எழுதாத.’

அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேகம் கலைகிறது. கூட்டம் கலைகிறது.
பாதி ராத்திரியில் தூக்கம் கலைகிறது.
சடையைக் கலைத்துத்தான்
மறுபடி பின்னுகிறோம்.
அதற்கெல்லாம் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

மூன்றாவது அச்சுக்குப் போனது.
பெண்கள் பக்கக் கதவுகளின் உள்ளே ஒட்டினோம்,
உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக.

மறுநாளே ஒன்று கிழிந்திருந்தது.
எந்தக் கை, எந்த வீட்டுக் கோபம் என்று
எனக்கும் கோபம் வந்தது.
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
கீழே, போன் எண் இருந்த இடம் மட்டும்.
நகத்தால் மடித்து, கோடு போட்டாற்போல்,
ஓரம் பிசிறாமல்.

அடுத்த அச்சில்
எண்ணை நாலு இடத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.