கவிழ்த்துப் பார்

முதலில் உட்காராதே,
கவிழ்த்துப் பார் என்றாள் இளவஞ்சி.

நாச்சியார்கோயில் ரோட்டில் சவுரிநாதன் கடை.
தகரக் கூரையின் கீழ்
எங்கு பார்த்தாலும் மர முழங்கால்கள்.

முக்காலி ஒன்றைத் தலைகீழாக்கினோம்.
அடிப்பலகையில் ஊசி குத்தினாற்போல் துளைகள்.
தரையில் ஒரு தட்டு தட்டினாள்,
வெளிர்மஞ்சளாய் மாவு கொட்டியது.
"உள்ளே இன்னும் குடியிருக்கிறான், வாடகை தராமல்"
என்று என்னிடம்தான் சொன்னாள்.
கடைக்காரர் முகம் சுண்டியது.

அவருக்கு எல்லாமே பர்மா தேக்கு.
பலாவும் பர்மா. பூவரசும் பர்மா.
நூற்றிருபது வயது என்று அவர் நீட்டிய ஸ்டூலில்
நட்சத்திரத் தலை ஸ்க்ரூ மினுங்கியது.
டீத்தண்ணி பூசி முதுமை ஏற்றிய பிள்ளை;
மோந்து பார்த்தேன்,
இஞ்சி போட்ட டீ.

டாக்டர் ஒருவரின் சுழல் ஸ்டூல்,
சுற்றச் சுற்ற உயர்ந்தது,
இறங்க மட்டும் மறுத்தது.

பிறகு அது.
கைகள் நீண்ட சாய்வு நாற்காலி.
பிரம்பு புதிது, உடம்பு பழையது.
ஓர் ஆள் சாய, பத்து ஆள் எதிரே நிற்கச் செய்த சாமான்.
எந்தப் பண்ணையில் எடுத்தீங்க என்று கேட்டாள்.
ஊர்ப் பெயரைச் சொன்னார்.
அந்த ஊர்க் களத்தில்
கூலிநெல்லுக்குச் சாக்கு விரித்து நின்றிருக்கிறார்
அவள் அப்பா.
ஒன்றும் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள்.
கால் தரைக்கு எட்டவில்லை.
என்னவோ பெரிதாய் நடக்கப்போகிறது என்று
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
"இடுப்பைப் பிடிக்குது" என்று இறங்கினாள்.
"இதுல உக்காந்து கீரை ஆய முடியாது."

சுவரோரம், சாக்குப்படுதாவுக்குப் பின்னால்,
இரும்புக் காலில் கோத்த
மூன்று சினிமாக் கொட்டகை நாற்காலிகள்.
31, 32, 33. வெள்ளைப் பெயிண்டில் எண்.
எழுந்தால் பலகை தானே மடங்கும்.
32 மட்டும் மடங்காது,
இடைவேளையில் போன யாரோ
இதோ வந்துவிடுவார் என்பதுபோல.

கவிழ்க்கத் தூக்கினால் அசையவில்லை.
இளவஞ்சியே தரையில் மல்லாந்து
செல்போன் வெளிச்சத்தில் அடிவயிறு பார்த்தாள்.
புது மாவு இல்லை. துரு உண்டு.
கல்லாய் இறுகிய பபிள்கம் ஏராளம்.
மூட்டைப்பூச்சி?
"கொட்டகை மூடிப் பதினெட்டு வருஷம்மா,
பட்டினியிலேயே போயிருக்கும்."

எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்டூல்.
எங்கள் வீடு ஒன்றரை அறை.
ஒன்றை மட்டும் அறுத்துத் தரட்டுமா என்றார்.
வேண்டாம் என்றோம் ஒரே குரலில்.
ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை.
நாலாயிரத்து இருநூறு,
குட்டியானை வாடகை தனி.

குட்டியானையில் முன்னால் இடமில்லை,
டிரைவரின் மச்சினன் தூங்கிக்கொண்டு வந்தார்.
பின்னால் ஏறினோம்.
அவள் 31. நான் 33.
இறக்கிவைக்க வந்த கடைப்பையன் பிரிட்டோ
நடுவில், மடங்காததில்.

ஊர் பின்பக்கமாய் உருவிக்கொண்டு போனது:
குத்துவிளக்குக் கடை, உர மூட்டை, வாழைத்தார்,
எங்களைத் துரத்திவிட்டுச் சலித்த ஒரு நாய்.
அரசலாற்றுப் பாலத்தில் நெரிசல். நின்றோம்.
மேட்டூர் திறந்து பத்து நாள்;
புதுத்தண்ணீர் செங்காவி நிறத்தில்
சருகையும் நுரையையும்
ஒற்றை ரப்பர் செருப்பையும் தள்ளிக்கொண்டு போயிற்று.

பின்னால் நின்ற திருவாரூர் பஸ்ஸில்
கண்ணாடி முழுக்க முகங்கள்,
எங்களையே பார்த்தபடி.
நாங்களும் அவர்களையே பார்த்தோம்.
பிரிட்டோ கால்மேல் கால் போட்டான்.
இளவஞ்சி வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து
வரிசையில் கைமாற்றினாள்.

வீட்டுக் கதவின் அகலம்
எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.
சொல்லவில்லை.
படம் ஓடிக்கொண்டிருந்தது.