பதின்மூன்றில் ஒன்று

(லூசியானா, 1863)

புத்தாண்டன்று பிறந்த ஆணை
எங்கள் கரும்புக்காட்டின் பாதிவரை வந்து
நின்றுவிட்டது.
அங்கே ஒரு சைப்ரஸ் முளை.
அதற்கு வடக்கே இபர்வில்: கலகக்காரர் மண்,
ஆகவே அடிமைகளுக்கு விடுதலை.
தெற்கே அசென்ஷன்: வடக்கத்திச் சேனை பிடித்த மண்,
ஆகவே நாங்கள் இருந்தபடியே.
விலக்குப் பெற்ற மாவட்டங்கள் பதின்மூன்று என்று
வாசித்துக் காட்டினான் ஓனிசிம்.
அவனுக்கு எழுத்துத் தெரியும் என்பதே
அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை.
க்ளெலி மட்டும் கேட்டாள்:
"கை எட்டாத ஊரில் அவிழ்க்கிறார்கள்,
கை எட்டும் ஊரில் அப்படியே விடுகிறார்கள்.
இது என்ன முடிச்சு?"

என் ஸெனோன் வடக்குத் தோட்டத்தான்.
சனிக்கிழமை இரவு மட்டும்
நாங்கள் புருஷன் பெண்டாட்டி.
காகிதத்தில் அவன் விடுதலையானவன்.
காகிதத்தைக் காட்ட அங்கே சிப்பாய் இல்லை,
சவுக்கு இருந்தது.
துப்பாக்கி வாங்க அவன்
என் பக்கம்தான் வரவேண்டியிருந்தது,
விலைச்சீட்டு இன்னும் செல்லுபடியாகும் பக்கம்.

டொனால்ட்சன்வில்லில் உயரம் அளந்தார்கள்,
பல் பார்க்கவில்லை.
அதுவே பெரிய மரியாதை என்றான்.
சம்பளம் பத்து டாலர்,
உடுப்புக்கு மூன்று பிடித்தம்.
வெள்ளைச் சிப்பாய்க்குப் பதின்மூன்று.
அந்த எண் எங்களை விடுவதாயில்லை.

அவனோடு இருபத்தொன்பது பேர் போனார்கள்.
அரண் கட்ட மண் வெட்டுவதற்குக்
கலகக்காரர் நாற்பது ஆள் கேட்டபோது
வடக்குத் தோட்டத்தில் மிஞ்சியது பதினொருவர்,
அதில் இருவர் கிழவர்.
ஒருவன் ஓடினால்
அங்கே ஒரு மண்வெட்டி குறைகிறது,
இங்கே ஒரு துப்பாக்கி கூடுகிறது.
தளபதிகளுக்கு இது எப்போது விளங்கியதோ,
எனக்குக் களை பறிக்கும்போதே விளங்கிவிட்டது.

படகுக்காரன் ஒருவன் சொன்னான்:
இங்கிலாந்து மந்திரிகள்
தெற்கத்தியாருக்கு நீட்டப்போன கையை
மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்களாம்.
அங்கே பஞ்சில்லாமல் ஆலைகள் மூடி
அடுப்பெரியாத நெசவாளிகளே
எங்களுக்காகக் கூட்டம் போட்டார்களாம்.
நான் நம்பவில்லை.
பசித்தவன் முகம் தெரியாதவனுக்காகப் பேசுவானா?
பிறகு ஏழு டாலரை நினைத்துக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில்
ஆற்றின் மேட்டுப் பக்கமிருந்து பீரங்கி.
தகரத் தட்டு தானாக நகர்ந்தது.
நான் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.
அரை மைல்கூட இல்லை,
குதிரையில் வந்த ஒருவன் திருப்பி அழைத்து வந்தான்:
வருட ஒப்பந்தமாம், நடுவில் விலகக்கூடாதாம்.
அவன் போட்டிருந்தது
ஸெனோன் போட்டிருக்கும் அதே நீலம்.
பொத்தான்கூட அதேதான்.

அன்றிரவு நாங்கள் நால்வர்
முளையைப் பிடுங்கினோம்.
நினைத்ததைவிடச் சுலபம், அடி மக்கியிருந்தது.
குடிசைகளுக்குத் தெற்கே,
பன்றிப்பட்டிக்கும் அப்பால் நட்டோம்.

காலையில் கங்காணி துகா வந்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
"தண்ணீர் ஏறியது ஐயா" என்றேன்.
"மழையே இல்லையே."
"ஆமாம் ஐயா, எங்களுக்கும் ஆச்சரியம்."

நில அளவைக்காரனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறான்.
சண்டை நடக்கிற பாதை,
வந்துசேர மூன்று வாரமாவது ஆகும்.

மூன்று வாரம்.
க்ளெலி கோழிகளுக்கு
இபர்வில் மண்ணில் தீனி இறைக்கிறாள்.